கார் ஷெட் ஷட்டரையும் ஸ்லைடிங் கேட்டையும் ஸ்மார்ட் வீட்டோடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுப் படங்களில் வரும் கராஜ் கதவு பலகை பலகையாக மடிந்து கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அதே வேலையைக் கார் ஷெட்டின் ரோலிங் ஷட்டரோ மதிலை ஒட்டி ஓடும் ஸ்லைடிங் கேட்டோ செய்கிறது. இணைக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கோளாறு வரும் இடங்கள் வேறு. குமரி மாவட்டத்தில் கடல் உப்பு, இடி, மின்தடை ஆகிய மூன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கீழே உள்ளவை ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) பயன்படுத்துவோரை மனதில் வைத்து எழுதியவை. வேறு செயலி வைத்திருந்தாலும் வயரிங் மாறாது.

கையில் ரிமோட் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்த வேலை?

ரிமோட் கட்டளை கொடுக்கும், பதில் சொல்லாது. பேருந்து தக்கலையைத் தாண்டிய பிறகு "ஷட்டரைப் போட்டோமா?" என்று நெஞ்சு அடித்துக்கொண்டால் ரிமோட்டால் பயனில்லை. ஆகவே திறக்கும் வசதியை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கிறதா என்று காட்டும் சென்சாரை முதலில் மாட்டுங்கள். ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு காந்தம், ஒரு சிறிய வைஃபை போர்டு போதும். ஷட்டர் 10 நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் ஒரு செய்தி, இரவு 9.30க்குத் திறந்திருந்தால் இன்னொரு செய்தி. இதோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

என் மோட்டாரை இணைக்க முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் உள்ள பட்டன் பெட்டியைப் பாருங்கள். அந்தப் பட்டனை நீங்கள் அழுத்துவதற்குப் பதிலாக ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) அழுத்தப்போகிறது, அவ்வளவுதான் விஷயம். மெயின் எம்சிபியை (மின் பலகையில் உள்ள பிரேக்கர் சுவிட்ச்) அணைத்துவிட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் காம் (பொது முனை), அப், ஸ்டாப், டவுன் என்று டெர்மினல்கள் இருக்கும். கேட் மோட்டார் போர்டில் ஓப்பன், குளோஸ் என்று தனித்தனியாகவோ, ஒரே பட்டனால் திற, நில், மூடு என்று மாறி மாறி வேலை செய்யும் ஒற்றை டெர்மினலாகவோ இருக்கும்.

மறுபடி மின்சாரம் கொடுத்து, மல்டிமீட்டரை முதலில் 600 வோல்ட் ஏசி அளவில் வைத்து, காமுக்கும் அப்புக்கும் இடையே அளவிடுங்கள். ஏசி காட்டாவிட்டால் டிசி அளவுக்கு மாற்றுங்கள். 5, 12 அல்லது 24 வோல்ட் டிசி வந்தால் நல்லது. இது டிரை கான்டாக்ட் உள்ளீடு, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காமல் இரு முனைகளை இணைத்தாலே போதும். 230 வோல்ட் வந்தால் பட்டன் நேரடியாக மோட்டாருக்குத்தான் மின்சாரம் விடுகிறது. அங்கே கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிசி வந்த பெட்டியில், உறை போட்ட சிறு வயரால் காமையும் அப்பையும் அரை வினாடி தொட்டு எடுங்கள். கையை எடுத்த பிறகும் ஷட்டர் ஏறிக்கொண்டே போனால் இணைக்கலாம். கையை எடுத்ததும் நின்றால், அது அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் ஓடும் வகை. ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ரிலேயால் அதை ஏமாற்றி ஓட விடாதீர்கள். சென்சார் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

என்னென்ன பொருட்கள் வாங்க வேண்டும்?

மூன்று பட்டன் ஷட்டர் ஒன்றுக்கு: இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர்) ஒன்று, 5 வோல்ட் நான்கு சேனல் ரிலே பலகை ஒன்று (மூன்று சேனல் பயன்படும், ஒன்று உபரி), 5 வோல்ட் மின்வழங்கி ஒன்று, ரீட் சுவிட்ச் இரண்டு, ஷீல்டு உள்ள 4 கோர் கேபிள், ஐபி65 (தூசியும் மழைநீரும் புகாத) பெட்டி, கேபிள் கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கும் பிடி) மூன்று. ஹை-லிங்க் வகை 3 வாட் மின்வழங்கி 600 மில்லி ஆம்ப் தரும். ஒரு நேரத்தில் ஒரு ரிலே மட்டும் இழுத்தால் அது தாங்கும். நான்கையும் ஒன்றாக இயக்கினால் வைஃபை செய்தி அனுப்பும் நொடியில் போர்டு தடுமாறும். இடமிருந்தால் 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டரே போட்டுவிடுங்கள்.

சால்டரிங் வேண்டாம் என்பவர்கள் ஒற்றைப் பட்டன் கேட்டுக்கு ஷெல்லி 1 போன்ற டிரை கான்டாக்ட் ரிலேயும், மூன்று பட்டன் ஷட்டருக்கு சோனாஃப் 4சிஎச் ப்ரோ வகையும் வாங்கலாம். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சாதாரண ஸ்மார்ட் சுவிட்சை எடுத்து நீட்டுவார்கள். ஒன்றல்ல. சாதாரண ஸ்மார்ட் சுவிட்சும், பெயரில் ஒட்டிப் பிறந்தது போலிருக்கும் ஷெல்லி 1பிஎம்மும் வெளியே 230 வோல்ட் லைனைத் தள்ளும். அதை மோட்டார் போர்டின் பட்டன் டெர்மினலில் கொடுத்தால் போர்டு அந்த நொடியே கருகிவிடும்.

வயரிங் எப்படி?

ஒவ்வொரு ரிலேயின் காம், என்ஓ (ரிலே இழுக்கும்போது மட்டும் இணையும்) முனைகளை அதற்குரிய சுவர்ப் பட்டனுக்கு இணையாகக் கொடுங்கள். பழைய பட்டனைக் கழற்றாதீர்கள். போர்டு செத்துப்போனாலும் வீட்டார் கையால் இயக்க முடிய வேண்டும். துடிப்பு நீளம், அதாவது ரிலே ஒருமுறை பட்டனை அழுத்தியிருக்கும் நேரம், 500 மில்லி வினாடி வையுங்கள். சில பெட்டிகள் அதைக் கவனிக்காது, 800 வரை ஏற்றிப் பாருங்கள்.

இஎஸ்பிஹோமில் (போர்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) அப், டவுன் ரிலேக்களுக்கு இன்டர்லாக் (ஒன்று இயங்கும்போது மற்றதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் போனால் மலிவான பெட்டியில் மோட்டாரின் இரு சுற்றுகளுக்கும் ஒன்றாக மின்சாரம் ஏறி சுருள் வெந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும் ஷட்டரை இறக்க வேண்டுமானால் ஸ்டாப், ஒரு வினாடி இடைவெளி, பிறகு டவுன் என்ற வரிசையில் எழுதுங்கள்.

ஸ்டாப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல ஸ்லைடிங் கேட் போர்டுகளில் ஸ்டாப் டெர்மினலும் ஃபோட்டோசெல் (பாதையில் தடை வந்தால் ஒளிக்கதிரால் உணரும் கண்) டெர்மினலும் என்சி வகை. அதாவது எப்போதும் மூடிய சுற்றாக இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே அதில் ஒரு சிறு கம்பித் துண்டு மாட்டி வரும். "இது எதற்கு" என்று அதை உருவிவிட்டு, கேட் அசையவே இல்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அங்கே ரிலேயின் என்சி முனையைத் தொடராகக் கொடுங்கள். என்ஓ முனையை இணையாகக் கொடுத்தால் ஸ்டாப் வேலை செய்யாது.

சென்சாரை எங்கே வைப்பது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ரோலிங் ஷட்டருக்குச் சாய்வு சென்சார் உதவாது. பலகைக் கராஜ் கதவு திறக்கும்போது படுத்துக்கொள்வதால் அங்கே சாய்வு தெரியும். ஷட்டரின் அடிப்பட்டை மேலே போனாலும் நிமிர்ந்தேதான் நிற்கும். கடைசிப் பட்டையில் காந்தம், பக்கவாட்டுச் சட்டத்தில் ரீட் சுவிட்ச் என்பதே சரியான ஏற்பாடு.

ஜன்னலுக்கு விற்கும் சிறிய வெள்ளை ரீட் சுவிட்ச் 20 மில்லி மீட்டர் இடைவெளிக்குள்தான் காந்தத்தை உணரும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஷட்டர் முன்னும் பின்னும் அதற்கு மேலேயே ஆடும். நடு இரவில் "திறந்தது, மூடியது, திறந்தது" என்று செல்பேசி அலறும். ஷட்டருக்கென்றே அலுமினிய உடலோடு வரும் அகல இடைவெளி வகையை வாங்கி, மென்பொருளில் 2 வினாடி தாமதமும் கொடுங்கள்.

தரையில் பதிக்கும் வகை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மணவாளக்குறிச்சி, குளச்சல் கரையோரத்தில் அதைத் தவிருங்கள். அங்கத்திய கருமணலில் உள்ள இல்மனைட் வலுவான காந்தத்தில் ஒட்டும். சில வாரங்களில் காந்தம் கரடி போல மயிர் சிலிர்த்து நிற்கும், பிறகு ஷட்டர் இறங்கும்போது சென்சாரை உரசும். சட்டத்தில் தரையிலிருந்து 15, 20 செ.மீ. உயரத்தில் வைத்தால் தொல்லை குறையும்.

ஸ்லைடிங் கேட்டுக்கு மூடும் முனையின் தூணில் ஒன்று, முழுவதும் திறந்து நிற்கும் இடத்தில் இன்னொன்று. ஒன்றே போதும் என்றால் மூடிய நிலையைக் காட்டுவதை வையுங்கள். திறந்த நிலையைக் காட்டும் சென்சார் மட்டும் இருந்தால், பாதியில் நிற்கும் கேட்டை மூடியதாக நினைத்துக்கொள்வீர்கள்.

கேபிள் 5 மீட்டருக்கு மேல் போனால் இஎஸ்பி32இன் உள் புல்-அப்பை (சென்சார் வயர் மிதக்காமல் மேல் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) நம்பாதீர்கள். வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஜிபிஐஓ 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு (போர்டின் இணைப்பு முனைகள்) உள் புல்-அப் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒற்றைப் பட்டன் கேட். செயலியில் "மூடு" என்றால் சில சமயம் திறக்கிறது. ஏன்?

போர்டுக்கு "மூடு" என்ற சொல்லே தெரியாது. "அடுத்த வேலையைச் செய்" என்று மட்டும்தான் தெரியும். பாதியில் யாராவது ரிமோட்டால் நிறுத்தியிருந்தால் அடுத்த வேலை எதிர்த்திசையாக இருக்கும். மூடிய சென்சார் மூடியதாகக் காட்டும்போது மூடும் கட்டளையைப் புறக்கணிக்க வேண்டும். இரண்டு சென்சாரும் காட்டாதபோது நிலை "நடுவில்". அப்போது ஒரு துடிப்பு கொடுத்து, 25 வினாடிக்குள் எதிர்பார்த்த சென்சார் வராவிட்டால் செய்தி அனுப்பி நிறுத்திக்கொள்ள வேண்டும். தானாக மறுபடி மறுபடி முயலும்படி எழுதாதீர்கள். முடிந்தால் போர்டின் அமைப்பில் ஓப்பன், குளோஸ் தனித்தனி டெர்மினல்களை இயக்கிவிடுங்கள். இந்தக் கதையே இல்லாமல் போகும்.

கரண்ட் போய் வந்ததும் ஷட்டர் தானாகத் திறந்துவிட்டது!

வரும் புகார்களில் மிக ஆபத்தானது இது. மின்வாரியம் லைனை விட்டு விட்டுக் கொடுக்கும் மழைக்காலத்தில்தான் வெளிப்படும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, ரிலேயை இணைக்கும் போர்டு முனையின் (பின்) தேர்வு. இஎஸ்பி32க்கு முந்தைய இஎஸ்பி8266 போர்டில் ஜிபிஐஓ 0, 2, 15, 16 ஆகியவை விழித்தெழும் நொடியில் தாமாக நிலை மாறும், ரிலே ஒருமுறை டக்கென்று அடிக்கும். ஷட்டருக்கு அந்த ஒரு "டக்" போதும். 4, 5 இரண்டும் பாதுகாப்பானவை. இஎஸ்பி32இல் 0, 2, 5, 12, 14, 15 ஆகியவற்றை விட்டுவிட்டு 25, 26, 27, 32, 33 ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, மின்சாரம் திரும்பும்போது "முந்தைய நிலைக்குப் போ" என்ற அமைப்பு. விளக்குக்கு அது சரி. இங்கே எப்போதும் "ஆஃப்".

மூன்றாவது எளிதில் பிடிபடாது. எம்க்யூடிடி (கருவிகள் செய்தி பரிமாறும் முறை) வழியாக இயக்குபவர்கள் கட்டளைச் செய்தியில் ரீடெய்ன் (சேமித்து வை) கொடியைப் போட்டிருந்தால், செய்திகளைக் கைமாற்றும் புரோக்கர் கடைசிக் கட்டளையை மனப்பாடமாக வைத்திருக்கும். போர்டு மறுபடி இணைந்தவுடன் நேற்று மாலை கொடுத்த "திற" மீண்டும் போய்ச் சேரும். நிலைச் செய்திக்கு ரீடெய்ன் இருக்கலாம், கட்டளைக்குக் கூடவே கூடாது.

வேலை முடிந்ததும் ஷட்டரை மூடிவைத்து, எம்சிபியைப் பத்து முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை அசைந்தாலும் அன்று இரவு ரிலே வயரைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது.

காரணம், மோட்டாரும் அதற்கு மின்சாரம் விடும் கான்டாக்டர் என்ற பெரிய ரிலேயும் எழுப்பும் மின்னிரைச்சல். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 100 ஓம் ஸ்னப்பர் (இரைச்சலை அடக்கும் கெபாசிட்டர், ரெசிஸ்டர் இணை) போடுங்கள். கெபாசிட்டர் மெயின் மின்சாரத்துக்கு உரிய எக்ஸ்2 பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். சென்சார் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே பைப்பில் இழுக்காதீர்கள், 30 செ.மீ. விலகட்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

மோட்டார் "உம்ம்" என்று முனகிவிட்டு ஏறாமல் நின்றால் அது உங்கள் போர்டின் குற்றமல்ல. ஒற்றை ஃபேஸ் மோட்டாரின் கெபாசிட்டர் சோர்ந்திருக்கும், அல்லது வோல்ட்டேஜ் இறங்கியிருக்கும்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு. எவ்வளவு நாள் தாங்கும்?

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களில் திறந்த போர்டை வைத்தால் உப்புப் படலம் ஈரத்தை இழுத்து, முதலில் ரிலே பலகையின் ஸ்க்ரூ டெர்மினல்கள் பச்சை பூக்கும். சோதனை முடிந்த பின் போர்டில் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு) அடியுங்கள். டெர்மினல், யுஎஸ்பி வாய் ஆகியவற்றை டேப்பால் மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். கேபிள் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு வளைவு கொடுங்கள்; மழைநீர் அங்கே சொட்டிப் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் மாற்றவும் வேண்டும். திருகுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ்.

ஸ்லைடிங் கேட்டின் பல்சட்டத்துக்குக் கிரீஸ் தடவாதீர்கள். மணல் ஒட்டி அரத்தாள் ஆகிவிடும், மோட்டாரின் பல்சக்கரம் தேயும்.

உள்நாட்டில், குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற ரப்பர் விளைப் பக்கங்களில் உப்புக்குப் பதில் எறும்பு. சூடாக இருக்கும் பெட்டி அவற்றுக்குப் பிடித்த வீடு. ரிலேக்குள் புகுந்து நசுங்கி, தொடர்பு ஒட்டாமல் செய்துவிடும். பயன்படுத்தாத துளை ஒன்றைக்கூடத் திறந்து விடாதீர்கள்.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் சித்திரை வெயிலிலும் ஐப்பசியிலும் மாலை இடி தவறாது. கேட் தூணுக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள் போகும் செம்புக் கேபிள்தான் பலவீனமான இடம். பக்கத்தில் இடி விழுந்தாலே அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். லேன் கேபிள் இழுக்காதீர்கள், வைஃபை போதும். கேட் அருகே சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்மைவிட (வைஃபை பலத்தின் அளவு) மோசமாக இருந்தால் (மைனஸ் 75, மைனஸ் 80) அக்சஸ் பாயிண்டை வீட்டின் வெளித்திண்ணைப் பக்கம் நகர்த்துங்கள். வீட்டின் மெயின் மின் பலகையில் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் (மின்னழுத்தத் தாவலைத் தடுப்பது), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கசிவு மின்சாரம் கண்டால் துண்டிப்பது), உருப்படியான எர்த். இவ்வளவும் செய்தாலும் நேரடி இடிக்கு எதுவும் தாங்காது.

கரண்ட் இல்லாதபோது?

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்த பிறகு மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரத்தை நினைத்துத் திட்டமிடுங்கள். ஷட்டரின் கைச்சங்கிலி ஷெட்டுக்கு உள்ளே தொங்குகிறதா? ஷெட்டுக்கு வேறு வாசல் உண்டா? இல்லையென்றால் வெளியிலிருந்து விடுவிக்கும் பூட்டு வைக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. கேட் மோட்டாரின் ரிலீஸ் சாவி காருக்குள் இருந்தால் போதாது, வீட்டிலும் ஒன்று வேண்டும்.

24 வோல்ட் டிசி கேட் மோட்டாருக்குப் பேட்டரி பேக்கப் போடலாம். 230 வோல்ட் ஷட்டர் மோட்டாரை ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் முனகும், சூடேறும். சைன் வேவ், அதுவும் தொடக்க மின்னோட்டம் தாங்கும் அளவில் வேண்டும். ரூட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் சென்சார் செய்தியாவது வரும். சென்சார் போர்டையும் பேக்கப்பில் இருந்தே ஊட்ட மறக்காதீர்கள்.

வளைகுடாவில் வேலை. அங்கிருந்தே அம்மாவுக்குக் கேட் திறந்துவிட முடியுமா?

முடியும். ஆனால் ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும் இணைய வழி) திறந்துவிடாதீர்கள். பல ஃபைபர் இணைப்புகளில் சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே இணைய முகவரி) இருப்பதால் அது வேலையும் செய்யாது. ஹோம் அசிஸ்டென்டுக்கு நபு காசா கட்டணச் சேவை எளிது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (இணையத்தில் தனிப் பாதை அமைக்கும் சேவை) இலவச வழி. அமீரகத்தில் விபிஎன் பயன்பாட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, அதனால் அங்கிருப்பவர்களுக்கு நபு காசா நிம்மதி.

திறப்பது சரி. மூடுவதற்கு முன் கேமராவில் கேட் ஓடும் பாதை தெரிய வேண்டும், ஃபோட்டோசெல்லும் இருக்க வேண்டும். ஷட்டருக்கு இந்த இரண்டும் இல்லையென்றால் "மூடு" பட்டனையே தொலைச் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். துபாயிலிருந்து மூடுபவருக்கு அடியில் கோழி நிற்கிறதா குழந்தை நிற்கிறதா என்று தெரியாது.

தானாக மூடும்படி வைக்கலாமா? வண்டி வந்ததும் தானாகத் திறக்கும்படி?

தானாக மூட வேண்டுமானால் ஃபோட்டோசெல் கட்டாயம். தரையிலிருந்து 40 முதல் 60 செ.மீ. உயரம், ஏற்பி மேற்கு வெயிலைப் பார்க்காத பக்கம். அதன் வயரை நேராக மோட்டார் போர்டுக்கே கொடுங்கள். வைஃபை போர்டு தொங்கிப்போனாலும் பாதுகாப்பு தொங்கக் கூடாது. கூடவே அசைவதற்கு முன் 5 வினாடி பஸ்ஸரும் விளக்கும். அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் ஓப்பனர்களுக்குச் ஆள் கதவுக்கு அடியில் சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு கட்டாயம். நம்மூர் மலிவு ஷட்டர் பெட்டிகள் பலவற்றில் ஃபோட்டோசெல் மாட்டும் இடமே இருக்காது. அவற்றில் தானியங்கி மூடல் வேண்டாம்.

செல்பேசி இருக்கும் இடத்தை வைத்துத் தானாகத் திறப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஹோம் அசிஸ்டென்டில் "வீட்டுக்கு வந்துவிட்டார்" என்று கணக்கிடும் வீட்டு வட்டம் இயல்பாக 100 மீட்டர். வீடு தேசிய நெடுஞ்சாலை 66 ஓரம் என்றால், நீங்கள் பேருந்தில் வீட்டைக் கடந்து திருவனந்தபுரம் போகும்போதும் கேட் மரியாதையாகத் திறந்து நிற்கும்.

குரலால் திறக்கச் சொன்னால் ரகசிய எண் (PIN) கேட்கவில்லை. சரிதானா?

சரியல்ல, காரணம் பெயர்க் குழப்பம். ஹோம் அசிஸ்டென்டில் சாதன வகையாக "ஷட்டர்" என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அங்கே ஷட்டர் என்றால் ஜன்னல் மறைப்பு. கூகுள் அசிஸ்டென்டுக்கு அது திரைச்சீலை மாதிரி. "கராஜ்" அல்லது "கேட்" என்று மாற்றி, ரகசிய எண்ணையும் அமையுங்கள். இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே நின்று யாரும் கூவித் திறக்கலாம்.

ரிமோட் சிக்னலைப் படித்து அனுப்பும் கருவி போதாதா?

ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும் 433 மெகா ஹெர்ட்ஸ் ரிமோட் என்றால் பிராட்லிங்க் ஆர்எம்4 ப்ரோ போன்றவை படித்துக்கொள்ளும். உங்களால் படிக்க முடிகிறது என்றால் திருடனாலும் முடியும். ஒவ்வொரு அழுத்தலிலும் குறியீடு மாறும் ரோலிங் கோடு ஏற்பிக்கு மாறுவதே நல்லது. ரோலிங் கோடை அந்தக் கருவி நகலெடுக்காது. எப்படியும் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது, சென்சார் தனியாக வேண்டும்.

நிறுவனச் செயலியோடு வரும் கன்ட்ரோலர் வாங்கலாமா?

உள்ளூர் கட்டுப்பாடு இருந்தால் வாங்குங்கள். கராஜ் கதவு மோட்டார் தயாரிக்கும் சேம்பர்லெயின் நிறுவனம் 2023இல் தன் மைக்யூ சேவைக்கு வெளிச் செயலிகள் வரும் வழியை அடைத்தபோது, ஹோம் அசிஸ்டென்ட் அந்த இணைப்பையே நீக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நெக்ஸ் என்ற கராஜ் கன்ட்ரோலரில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல் இருந்தது அம்பலமானது; யாருடைய கதவையும் யாரும் திறக்கலாம் என்ற நிலை. வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு சோதனை கேளுங்கள்: இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, அதே வைஃபையில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பராமரிப்பு?

மாதம் ஒருமுறை காந்தம், ஃபோட்டோசெல் கண்ணாடி, சிலந்தி வலை துடைத்தல். தென்மேற்குப் பருவமழைக்கு முன் வைகாசியிலும், அடுத்து புரட்டாசியிலும் பெட்டியைத் திறந்து டெர்மினல் இறுக்குதல், சிலிக்கா ஜெல் மாற்றுதல், எம்சிபி சோதனையை மறுபடி செய்தல். கைச்சங்கிலியை அப்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.